குத்து காலிலிருந்து வருகிறது

"பஞ்சிங் பேக் அடிச்சா கைச்சதை குறையுமா?" பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பிளவுஸ் கை முடிகிற இடத்தில் பிதுங்கி நிற்குமே, அந்தச் சதையைச் சொல்கிறார்கள். ஆண்கள் கேட்பது வேறு. தோள் அகலமாகுமா, மார்பு ஏறுமா என்பார்கள். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்றுதான். மேலுடம்பு நன்றாக இறுகும். ஆனால் அதற்கான வேலை கீழே பாதத்தில் ஆரம்பிக்கிறது. கையை மட்டும் நம்பி பேக் அடிப்பவர்களுக்கு மணிக்கட்டு வீங்கி, தோள்பட்டை பிடித்து, கொஞ்ச நாளில் ஆர்வம் போய்விடும். காலையும் இடுப்பையும் சேர்த்து அடிக்கக் கற்றுக்கொண்டவர்கள் வருஷக்கணக்கில் விடமாட்டார்கள்.

முதலில் சதை விஷயத்தைப் பேசிவிடுவோம். ஒரு இடத்துத் தசைக்கு வேலை கொடுத்தால் அந்த இடத்துக் கொழுப்பு கரையும் என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. கொழுப்பை எங்கிருந்து எடுப்பது என்பதை உடம்பே முடிவு செய்கிறது. பரம்பரையும் ஹார்மோனும் அதில் பேசும், நம் விருப்பம் பேசாது. 1971ல் கலிஃபோர்னியாவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருஷக்கணக்கில் ஒரே கையால் மட்டை வீசுகிறவர்கள். அந்தக் கை மற்றக் கையைவிடப் பருமனாக இருந்தது, தசை வளர்ந்திருந்ததால். தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் கனம் மட்டும் இரண்டு கைகளிலும் வித்தியாசமில்லை.

ஆக, கை இறுகித் தெரிய இரண்டு வேலை நடக்க வேண்டும். உள்ளே தசை கொஞ்சம் வளர வேண்டும். மொத்த உடம்பிலும் கொழுப்பு கொஞ்சம் இறங்க வேண்டும். பேக் முதல் வேலையில் ஒரு பகுதியையும், இரண்டாவது வேலையில் ஒரு பகுதியையும் செய்து தரும். மிச்சத்தை வேறு பயிற்சியும் சாப்பாடும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் பேக் அடிக்கப் போனது வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னக் கூடத்துக்கு. தகரக் கூரை, சிமெண்ட் தரை, இரும்பு உத்தரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கும் மூன்று பேக்குகள். அங்கே சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர். 1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது கூட்டத்தில் நின்று பார்த்த பையன்களில் ஒருவர்.

முதல் வாரம் அவர் என்னை பேக்கைத் தொடவே விடவில்லை. நிற்கக் கற்றுக்கொடுத்தார். இடது கால் முன்னே, வலது கால் ஓர் அடி பின்னே, இரண்டுக்கும் நடுவே தோள் அகல இடைவெளி. பின்கால் குதிகால் தரையிலிருந்து லேசாக எழும்பியிருக்க வேண்டும். முழங்கால் விறைப்பாக இருக்கக் கூடாது. தாடை கீழே, முஷ்டி இரண்டும் கன்னத்தருகே, முழங்கை விலாவை ஒட்டி. இந்த நிலையிலேயே முன்னே, பின்னே, பக்கவாட்டில் நகர வேண்டும், கால்கள் ஒன்றையொன்று தாண்டாமல். பத்து நிமிஷம் இப்படி நகர்ந்து பாருங்கள், தொடையும் கெண்டைக்காலும் என்ன சொல்கின்றன என்று தெரியும். தோளும் சொல்லும். இரண்டு கையையும் கன்னத்தருகே மூன்று நிமிஷம் இறக்காமல் வைத்திருப்பதே தோள் தசைக்குப் பெரிய வேலை.

அப்புறம் குத்து. வலது கையால் நேராக விடும் குத்துக்கு கிராஸ் என்று பெயர். நான் அதைக் கையை முன்னால் தள்ளித்தான் விட்டேன். புதிதாக வருகிற எல்லோரும் அப்படித்தான் விடுவார்கள். மாஸ்டர் குனிந்து என் வலது பாதத்தைக் காட்டினார். "கையை மறந்துடும்மா. இந்தக் கட்டைவிரல் பக்கத்துல பலமா ஊனி, குதிகாலை வெளிய திருப்பு. இடுப்பு தானா திரும்பும், தோளு அது பின்னாடி வரும். கை கடைசியா வந்தா போதும்." அவர் சொன்ன இன்னொன்றும் நினைவிலிருக்கிறது: துவைத்த துணியைக் காயப்போடும் முன் உதறுவோமே, துணியின் நுனியில் 'பட்'டென்று ஒரு சத்தம் வருமே, அப்படி வர வேண்டுமாம் குத்து. கை தளர்வாகப் போய், படுகிற அந்த ஒரு கணத்தில் மட்டும் முஷ்டி இறுகி, உடனே கன்னத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

இதற்கு ஆராய்ச்சிச் சான்றும் இருக்கிறது. 1980களில் சோவியத் ஆய்வாளர்கள் குத்துச்சண்டை வீரர்களின் குத்தில் உடம்பின் எந்தப் பகுதி எவ்வளவு பங்களிக்கிறது என்று அளந்தார்கள். தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு சுமார் 38 சதவீதம், உடலின் நடுப்பகுதி சுமார் 37 சதவீதம், கையின் பங்கு 24 சதவீதம்தான். புதியவர்களிடம் கை சுமார் 38 சதவீதத்தைச் சுமந்தது. கால்கள் 17 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. எனக்கு இந்த எண்கள் மிகவும் பிடிக்கும். மாஸ்டர் இந்த ஆய்வைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் இதையேதான் வேறு வார்த்தைகளில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

நாம் அடிப்பது சரியா என்று பார்க்கக் கண்ணாடி வேண்டாம். பேக்கைப் பார்த்தாலே போதும். அடித்ததும் அது ஊஞ்சலாடித் தூரப் போனால் நீங்கள் அதைத் தள்ளுகிறீர்கள். இருக்கிற இடத்திலேயே அதிர்ந்து, சங்கிலி ஒரு குலுங்கு குலுங்கினால் அதுதான் குத்து. சத்தமும் மாறும். தள்ளும்போது மந்தமாக 'தொம்' என்று கேட்கும். சரியான குத்து 'டப்' என்று வெட்டி நிற்கும். அந்த 'டப்' முதல்முறை கேட்ட அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

இனி, கீழே ஆரம்பிக்கும் இந்த வேலை மேலுடம்பில் எங்கே போய்ச் சேர்கிறது? கையை நீட்டும்போது மேல்கையின் பின்பக்கத்து டிரைசெப்ஸ் இயங்குகிறது. பிளவுஸ் கைப் பிரச்சினைக்காரர்கள் கேட்பது இந்த இடத்தைத்தான். தோளின் முன்பக்கமும் மார்பும் சேர்ந்து தள்ளுகின்றன. அக்குளுக்குக் கீழே விலாவின் மேல் பட்டை பட்டையாகப் படிந்திருக்கும் செரேட்டஸ் என்ற தசை தோள்பட்டை எலும்பை முன்னே இழுக்கிறது. குத்துச்சண்டைக்காரர்களின் விலாவில் வரி வரியாகத் தெரிவது அதுதான். இடுப்பு திரும்பும்போது வயிற்றின் பக்கவாட்டுத் தசைகள் முழுசாக வேலை செய்கின்றன. குத்திய கையைத் திரும்ப இழுப்பது முதுகின் பொறுப்பு. என் உடம்பில் முதலில் மாற்றம் தெரிந்தது கையில் இல்லை. முதுகும் தோளும்தான் முதலில் மாறின. கூன் விழாமல் நிற்க ஆரம்பித்தேன். கை அதற்கு வெகுநாள் பின்னால் மாறியது, அதுவும் சாப்பாட்டைச் சரிசெய்த பிறகு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேக் மட்டும் அடித்தால் தசை பெரிதாக வளர்ந்துவிடாது. தசை வளர அதற்குப் பாரம் வேண்டும். நாளாக ஆக அந்தப் பாரம் கூட வேண்டும். குத்து என்பது வேகம். பேக் உங்களுக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தியைத் தரும், தசைகளைச் சேர்ந்து இயங்கப் பழக்கும், மூச்சை விரிவாக்கும். பருமனுக்குத் தண்டால் எடுக்க வேண்டும், டம்பெல் தூக்க வேண்டும். தண்டால் வராதவர்கள் சுவரில் கை ஊன்றி ஆரம்பிக்கலாம், அப்புறம் கட்டில் விளிம்பு, அப்புறம் தரை. இன்னொன்று, பேக்கில் பெரும்பாலான வேலை முன்னே தள்ளுவதுதான். ஏற்கெனவே நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன் தோள் முன்னே விழுந்து உட்கார்ந்திருக்கிறோம். அதனால் இழுக்கும் பயிற்சி கட்டாயம் வேண்டும். ஜன்னல் கம்பியில் ரப்பர் பட்டையை மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுத்து, தோள்பட்டைகள் இரண்டும் நெருங்கும்படி செய்தால் போதும். இதைச் செய்யாமல் பேக் மட்டும் அடித்துவிட்டுத் தோள் வலிக்கிறது என்று சொல்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

கைக்கட்டு பற்றி நிறையச் சொல்ல ஆசை. இதை யாருமே மதிப்பதில்லை. கிளவுஸ் இருக்கிறதே, கட்டு எதற்கு என்கிறார்கள். கிளவுஸ் வெளியடியைத் தாங்கும். உள்ளே இருக்கும் சின்னச் சின்ன எலும்புகளையும் மணிக்கட்டையும் பிடித்து வைப்பது கட்டுதான். பெரியவர்களுக்கு 180 அங்குல நீளம் வாங்குங்கள், சுமார் நாலரை மீட்டர். நுனியில் இருக்கும் வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாகக் கொண்டு வந்து மணிக்கட்டில் மூன்று சுற்று. அங்கிருந்து ஏறி விரல் முட்டிகளின் மேல் மூன்று சுற்று. பிறகு விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைத்து மணிக்கட்டுக்கு இறக்கி, கட்டைவிரலை ஒரு சுற்று சுற்றி, மிச்சத்தை மணிக்கட்டிலேயே முடிக்க வேண்டும். கட்டும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கி வைத்துக் கட்டினால் முஷ்டி மடக்கும்போது ரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும். கட்டி முடித்து முஷ்டி மடக்கினால் இறுக்கம் தெரிய வேண்டும், விரித்தால் வலிக்கக் கூடாது.

பேக்கில் பட வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டிகள். புறங்கையும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் பட்டால் அதற்குக் கீழே புறங்கையில் இருக்கும் எலும்பு, முட்டியை ஒட்டிய இடத்தில் முறியக்கூடும். அந்த முறிவுக்கே பாக்ஸர் ஃபிராக்சர் என்றுதான் டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் தேர்ந்த பாக்ஸர்களைவிட, பழக்கமில்லாமல் சுவரையும் கதவையும் குத்தியவர்களுக்குத்தான் அது அதிகம் வருகிறது.

கிளவுஸ் எடையை அவுன்ஸில் சொல்வார்கள். பேக்குக்குப் பெண்களும் மெலிந்தவர்களும் 12 அவுன்ஸ் எடுக்கலாம். ஒரு கைக்கு சுமார் 340 கிராம் வரும். கனத்த உடம்புக்காரர்களுக்கு 14 அல்லது 16. வீட்டுக்கு வந்ததும் கிளவுஸைப் பையிலேயே போட்டு மூடி வைக்காதீர்கள். வாயை விரித்து, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். கைக்கட்டை ஒவ்வொரு முறையும் துவைக்க வேண்டும்.

பேக் வாங்குகிறவர்கள் எடை கேட்பார்கள். உடம்பு எடையில் பாதி என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ இருந்தால் 30 கிலோ பேக். உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்பது எடையைவிட முக்கியம். மணல் மட்டும் நிரப்பினால் நாளாக ஆக மணல் கீழே இறங்கி, அடிப்பாகம் கல்லாகிவிடும், மேல்பாகம் தொளதொளவென்று ஆகும். தெரியாமல் கீழே ஒரு குத்து விட்டால் மணிக்கட்டு காலி. துணி அடைத்ததே நல்லது. காலி உறை வாங்கி நீங்களே அடைக்கிறீர்கள் என்றால், மெக்கானிக் கடைக்காரர்கள் கை துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் கிடைக்கும். பட்டன், ஜிப் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கட்டையால் இடித்து இடித்து அடைக்க வேண்டும்.

மாட்டும் இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். தொங்கும் எடையோடு ஒவ்வொரு குத்திலும் சேரும் இழுவையையும் அது தாங்க வேண்டும். ஆர்சிசி கூரையிலோ பீமிலோ ஆங்கர் போல்ட் அடித்து, சுழலும் கொக்கி போட்டு மாட்ட வேண்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நடுவில் ஒரு ஸ்பிரிங் சேர்த்தால் மேல்வீட்டுக்கு அதிர்வு கொஞ்சம் குறையும். வாடகை வீட்டில் துளை போட விடமாட்டார்கள். அவர்களுக்கு அடியில் தண்ணீரோ மணலோ நிரப்பி நிற்க வைக்கும் பேக் இருக்கிறது. தொங்கும் பேக்கின் சுகம் அதில் இல்லை, ஆனாலும் ஒன்றுமில்லாததற்கு மேல்.

பயிற்சி என்று பார்த்தால், ரிங்கில் ஒரு ரவுண்டு மூன்று நிமிஷம், நடுவே ஒரு நிமிஷம் ஓய்வு. 1867ல் வெளியான குவீன்ஸ்பெரி விதிகளிலிருந்து வரும் கணக்கு அது. ஆரம்பத்தில் இரண்டு நிமிஷமே போதும். முதல் பத்து நிமிஷம் ஸ்கிப்பிங்கும் தோள் சுழற்றலும், காற்றில் குத்தும் ஷேடோவும். பிறகு ஒரு ரவுண்டு முழுக்க, இடது கையால் நேராக விடும் ஜாப் மட்டும். அடுத்ததில் ஜாபும் கிராஸும். அதற்கடுத்து, முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் ஹுக்கையும் சேர்த்து, பேக்கைச் சுற்றி நகர்ந்தபடி. கடைசியாக ஒரு ரவுண்டு உங்கள் இஷ்டம். முழு பலத்தையும் போட வேண்டாம், முக்கால் பலம் போதும். ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கில் 'ஸ்' என்று மூச்சை விட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தால் ஒரு நிமிஷத்தில் உட்கார்ந்துவிடுவீர்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு.

கலோரிக் கணக்கு கேட்பவர்களுக்கு: உடற்பயிற்சிகளின் சக்திச் செலவைத் தொகுத்த 2011ம் வருஷப் பட்டியலில் பேக் அடிப்பதற்கு 5.5 மெட் என்று போட்டிருக்கிறார்கள், அதாவது சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவைப்போல் ஐந்தரை மடங்கு. 65 கிலோ உள்ள ஒருவர் அரை மணி நேரம் அடித்தால் 180 கலோரிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. மூன்று நான்கு இட்லி. இதை நம்பி மட்டும் எடை இறங்காது. தட்டில் சாதம் குறைந்து முட்டை, மீன், சுண்டல், பருப்பு கூட வேண்டும்.

"கோபம் வந்தா பேக்கைப் போட்டு அடி, எல்லாம் போயிடும்" என்று சொல்வார்களே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2002ல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் இதைச் சோதித்துப் பார்த்தார். கோபமூட்டப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே பேக்கைக் குத்தினார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. கூடத்திலும் இதைப் பார்க்கலாம். கோபத்தோடு அடிப்பவருக்குத் தோள் காதுவரை ஏறும், மூச்சு நிற்கும், மணிக்கட்டு மடங்கும். மனசு லேசாவது எப்போது என்றால், கால் எங்கே இருக்கிறது, இடுப்பு திரும்பியதா, கை கன்னத்துக்கு வந்ததா என்று மட்டும் யோசித்துக்கொண்டு ஒரு ரவுண்டு போகும்போது. அந்த மூன்று நிமிஷத்தில் வேறு எதையும் நினைக்க நேரம் இருக்காது.

ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதில் தோள் இறுகிப் போகும் ஃப்ரோஸன் ஷோல்டர் அதிகம் வருகிறது. கையைத் தலைக்கு மேல் வலியில்லாமல் தூக்க முடியாதவர்கள் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும், பேக் எங்கேயும் ஓடிப்போகாது. தசை வலி சில நாளில் போகும். மூட்டில் குத்தும் வலி, விரலில் மரத்துப்போதல் இரண்டும் வேறு; அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

வடசென்னையில் குத்துச்சண்டை இன்று நேற்று வந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் மீனவர்களும் துறைமுகத் தொழிலாளர்களும் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று 'பரம்பரை' எனப்படும் குத்துச்சண்டைக் குழுக்களாகப் பிரிந்து மோதியிருக்கிறார்கள். அதில் பெண்களுக்கு இடமே இருந்ததில்லை. ஒலிம்பிக்கிலேயே பெண்கள் குத்துச்சண்டை 2012ல் லண்டனில்தான் நுழைந்தது, அந்த முதல் தடவையிலேயே மேரி கோம் வெண்கலம் வாங்கினார். இப்போது எங்கள் கூடத்தில் சாயங்காலம் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வருகிறார்கள், யூனிஃபார்மை மாற்றிக்கொண்டு கைக்கட்டு சுற்றிக்கொள்கிறார்கள். அவர்களோடு என் வயதுப் பெண்களும் நாலைந்து பேர். ஒருத்தி காலைத் திருப்ப மறந்தால் பக்கத்து பேக்கிலிருந்து இன்னொருத்தி, "அக்கா, குதிகால்!" என்று குரல் கொடுப்பாள்.

வீடியோ பார்த்து இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் குனிந்து உங்கள் பாதத்தைத் தொட்டுக் காட்ட ஒரு ஆள் இருந்தால் மாதக்கணக்கு வேலை வாரத்தில் முடியும். அந்த ஆட்கள் வடசென்னையில் இருக்கிறார்கள். ரிங்கை விட்டு வந்து, ஆட்டோ ஓட்டிக்கொண்டும் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள். மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடங்கள் பல வார்டுகளில் இருக்கின்றன. அவற்றில் ஆளுக்கொரு பேக் கூட வேண்டாம், கூடத்துக்கு இரண்டு தொங்கவிட்டு, பெண்களுக்கென்று சாயங்காலம் ஒரு மணி நேரம் ஒதுக்கி, இப்படிப்பட்ட ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தால் போதும். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறோம், கூடத்துப் பெண்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு. உங்கள் வார்டிலும் கேளுங்கள்.